திட்டையும் சேர்த்து

லவோன் நிலவறைப் படிகளில் பாதி இறங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். டெல்பர்ட் அங்கேதான் இருந்தான். கறுப்புக் கோட்டும் டையும் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் அடித்து, மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வண்டி வந்து பத்து நிமிஷமாச்சு," என்றாள். "இன்னிக்கு உன் பொண்டாட்டிய அடக்கம் பண்றோம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு லவோன். ஒண்ணே ஒண்ணு. இது ஒண்ணு உள்ள போயிட்டா வந்துர்றேன்."

தேடியது கிடைத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தான். கோதுமை மணியைவிடக் கொஞ்சம் பெரிய துப்பாக்கிக் குண்டு. அதை வெடிமருந்து நிரப்பிய பித்தளைத் தோட்டா உறையின் வாயில் நிறுத்திவைத்து, மேலிருந்து பிரஸ் என்னும் அழுத்துப்பொறியின் கைப்பிடியை இறக்க வேண்டும். தானியக் கிடங்கில் நாற்பது வருடம் மூட்டை தள்ளிய விரல்கள் அவனுடையவை. குண்டை நிறுத்திவிட்டு விரலை எடுத்தான், குண்டு சாய்ந்தது. மறுபடி நிறுத்தினான். இம்முறை சாய்ந்தது தெரியாமலே கைப்பிடியை அழுத்தினான். உறையின் கழுத்து காகிதம்போலக் கசங்கிற்று.

மேசையில் அதேபோல் கழுத்து மடங்கிய உறைகள் ஏழெட்டுக் கிடந்தன. பக்கத்தில் மருந்து சிந்தியிருந்தது.

லவோன் படியேறினாள். ஒரு மனிதனுக்காக ஒரு சொல்லைச் செலவழிக்கவும் மனம் வராத கட்டம் ஒன்று உண்டு. டெல்பர்ட் விஷயத்தில் அவள் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

செத்துப்போன ஆர்லிஸ் அவளுக்குத் தங்கை, இரண்டு வயது இளையவள். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே ஆசிரியையிடம் சுருக்கெழுத்து கற்றவர்கள். லவோன் சூ ஃபால்ஸ் நகரத்து நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தாள். அவளைவிட வேகமாக எழுதிய ஆர்லிஸோ, மரம் முளைக்காத இந்த மேற்கு டகோட்டா ஊரில் டெல்பர்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் செய்ததெல்லாம் ஒன்றுதான். மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் மண்ணணில்களையும், அவை கிடைக்காத நாளில் காகித இலக்கையும் சுட்டான். 'பதினேழு' என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் மிகச் சிறிய துப்பாக்கி. கடைத் தோட்டா அதற்குச் சரிப்படாதாம். சுட்ட உறையையே எடுத்துச் சுத்தம் செய்து, மருந்தைப் பற்றவைக்கும் புதுக் கேப்பு வைத்து, மருந்து அளந்து, வீட்டிலேயே நிரப்பினால்தான் குண்டு சொன்ன இடத்துக்குப் போகுமாம். டெல்பர்ட் வீட்டுத் தோட்டா என்றால் மாவட்டம் முழுக்கப் பேர்.

ஆறு வருடம் முன்பு நவம்பரில் நன்றித் திருநாளுக்கு வந்தபோதுதான் லவோன் கண்ணால் கண்டாள். நிலவறையில் தராசின் முன்னால் மூக்குக்கண்ணாடியும் புருவம் பிடுங்கும் இடுக்கியுமாக உட்கார்ந்திருந்தது ஆர்லிஸ். புகழ்பெற்ற டெல்பர்ட் பக்கத்து நாற்காலியில் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தான். "யார்ட்டயும் சொல்லாத அக்கா," என்றாள் ஆர்லிஸ். லவோன் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் தங்கையின் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவள் நெஞ்சில் இரக்கம் சுரந்தது. அந்த இரக்கம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

இப்போது ஆர்லிஸ் போய்விட்டாள். கணையத்தில் புற்று. கண்டுபிடித்துப் பதினோரு வாரம்.

*

கல்லறையில் காற்று பாதிரியாரின் அங்கியைத் தலைமேல் தூக்கிப் போட்டது. அவர் அதோடு போராடியபடியே ஜெபத்தை முடித்தார். பிறகு எல்லோரும் தேவாலயத்தின் கீழ்க்கூடத்துக்குச் சாப்பிட வந்தார்கள். பன்றித்தொடை வைத்த பன், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, வெந்நீருக்கு அண்ணன் போன்ற காபி.

சுடும் கழகத்தின் தலைவர் கோர்டி கரண்டியால் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நான் பேச்சாளன் இல்ல," என்று ஆரம்பித்து, பேச்சாளர்கள் எடுத்துக்கொள்வதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "டெல்பர்ட் கை இருக்கே, அது கை இல்லய்யா, தங்கக் கடைத் தராசு. அஞ்சு குண்டு சுட்டா அஞ்சும் ஒரே ஓட்டையில. அந்தக் கைக்குப் பின்னாடி இருந்தது யாரு? ஆர்லிஸ். நாங்க போகும்போதெல்லாம் இவன் கீழ தோட்டா நிரப்பிட்டிருப்பான், மேல அவ காபி போட்டுட்டிருப்பா. அந்தக் காபிய எவன் மறப்பான்? சனிக்கிழமை போட்டிய அவ பேர்லயே நடத்துறோம். டெல்பர்ட் தன் கையால நிரப்பின தோட்டாவ வெச்சு மொத அஞ்சு குண்டு சுட்டுத் தொடங்கி வைப்பான்."

கை தட்டினார்கள். லவோன் காகிதக் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"அந்தத் தோட்டாவயெல்லாம் நிரப்பினது என் தங்கச்சி."

கோர்டி, துக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டும் பொறுமையோடு சிரித்தார். "உதவி பண்ணிருப்பாங்க. நான் இல்லேன்னு சொல்லல."

"உதவியா? அந்த ஆளோட விரல ஒரு தடவ பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். டெல்பர்ட் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தான். கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"காபி இன்னும் யாருக்கு வேணும்?" என்று யாரோ கேட்டார்கள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. லவோனுக்குக் காது சூடாகியிருந்தது. செத்தவளுக்குச் சேர வேண்டிய ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட இந்த மனிதன் பன்னோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

*

மீந்துபோன பண்டங்களைச் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. கீழே விளக்கு எரிந்தது. நேரே இறங்கிப் போனாள்.

கோட்டைக் கழற்றிப்போட்டு, சட்டையோடு உட்கார்ந்திருந்தான். எதையும் நிரப்பிக்கொண்டிருக்கவில்லை. முன்னால் தடித்த நோட்டு ஒன்று திறந்திருந்தது.

"ஏன் வாயத் தொறக்கல?" என்றாள். "அத்தன பேர் முன்னாடி ஒரு 'ஆமா'. அதுக்கு என்ன கேடு உனக்கு?"

"சொல்லக் கூடாதுன்னு அவதான் சொல்லி வெச்சிருந்தா."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

"தெரிஞ்சா ஊர்ல இருக்கிறவன் பூரா உறையத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பானாம். 'ஒரு முட்டாளுக்கு நிரப்பிக் குடுக்கவே எனக்கு நேரம் பத்தல'ம்பா." அவன் ஒரு கசங்கிய உறையை உருட்டினான். "இனி எதுக்குச் சொல்லணும்? சனிக்கிழமை கடைத் தோட்டாவ வெச்சுத்தான் சுடணும். அது போற இடத்தப் பாத்தா கோர்டிக்கே தெரிஞ்சுரும்."

அவன் நோட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"இத வாசிச்சுக் குடேன். எனக்கு ஒரு கோடும் புரியல. கோழி கிளறின மாதிரி இருக்கு."

பக்கம் முழுக்க ஆர்லிஸின் சுருக்கெழுத்து. அதே வேகம். வளைவுகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. லவோன் நின்றபடியே வாசித்தாள். "மார்ச் ஒம்போது. இருவது உறை. மருந்து பழைய அளவு. கேப்பு புதுப் பெட்டி." நிறுத்தினாள். கண் அடுத்த வரிக்குப் போனது. "ஏப்ரல் ரெண்டு. பதினஞ்சு உறை..."

"நடுவுல எதையோ விட்டுட்ட."

"அது தோட்டா சமாச்சாரம் இல்ல."

"என்னத் திட்டியிருக்காளா?"

லவோன் அவனைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றான். "எழுதும்போது மூக்கால சிரிப்பா. என்னன்னு கேட்டா 'மருந்து அளவு'ம்பா. மருந்து அளவுக்கு எவளாவது சிரிப்பாளா? படி. திட்டையும் சேத்துப் படி."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதைவிட இனிமையான வேலையை அன்று யாரும் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது.

"மார்ச் ஒம்போது. காத்து காஞ்சு கெடக்கு. மருந்து கரண்டு புடிச்ச மாதிரி புனல்ல ஒட்டிக்கிட்டுக் கீழ எறங்கல. ஒரு உறைக்குப் பாதி, அடுத்ததுக்கு ஒண்ணரை. அத்தனையும் கொட்டி மறுபடி அளந்தேன். முடிக்கும்போது டெல்பர்ட் தும்மினான். தராசுல இருந்ததெல்லாம் அவன் சட்டையில.

"ஏப்ரல் ரெண்டு. ஆறு உறைக்குக் கழுத்து நீண்டு போயிருந்துச்சு, சீவினேன். 'மயிரளவு நீண்டா என்ன ஆயிரும்'னு கேட்டான். மூஞ்சியில வெடிக்கும்னேன். பயந்துட்டான். அந்த மூஞ்சிக்கு அதனால பெருசா ஒண்ணும் கெட்டுப் போகாதுன்னு ஆறுதல் சொன்னேன்."

டெல்பர்ட்டின் தோள் குலுங்கியது. லவோன் குரலை உயர்த்தினாள்.

"மே பதினாறு. அஞ்சுல நாலு ஒரே ஓட்டை. அஞ்சாவது கனடாவுக்குப் போயிருச்சு. காத்துதான் காரணமாம். கம்பத்துல கொடி செத்த கோழி மாதிரி தொங்கிட்டிருந்துச்சு.

"ஜூலை ஒண்ணு. கோர்டி வந்து, மருந்து எவ்ளோ போடுறன்னு கேட்டான். 'அது கைப்பக்குவம்'னு சொல்லியிருக்கு என் வீட்டுக் கழுதை. என்ன குழம்பா வெக்கிறான்?"

"சொன்னேன்," என்றான் டெல்பர்ட். "அப்படியேதான் சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். குறிப்பெடுக்க எடுத்து வைத்த பென்சில் மேசையில் இருந்தது. தான் இத்தனை அளவு படித்தும் ஒன்றைக்கூட அவன் எழுதிக்கொள்ளவில்லை என்பதை லவோன் அப்போதுதான் கவனித்தாள்.

பக்கத்தைத் திருப்பினாள். "நவம்பர் இருவத்தாறு," என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள்.

"ம்?"

அவன் காத்திருந்தான். மேலே குளிர்பெட்டி உறுமி அடங்கியது. விட்டுவிட்டு அடுத்த தேதிக்குப் போயிருக்கலாம். அவனுக்கு ஒரு கோடுகூடப் புரியப் போவதில்லை. ஆனால் நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருடம் எழுதியதில் ஒரு வரியையும் அவள் விட்டுப் படித்ததில்லை.

"நவம்பர் இருவத்தாறு. அக்கா வந்தா. நான் இங்க உக்காந்திருக்கறதப் பாத்ததும் மூஞ்சிய எழவு வீட்டு மூஞ்சியா மாத்திக்கிட்டா. அடுத்தவன் பேசினத எழுதியே காலத்த ஓட்டினவ, என்னப் பாத்துப் பாவப்படுறா. பாவப்படுறது அவளுக்கு இனிப்புத் தின்கிற மாதிரி. அவ காரு திரும்பினதும் டெல்பர்ட் மூக்கத் தூக்கிக்கிட்டு அவள மாதிரியே படியேறிக் காட்டினான். சிரிச்சு சிரிச்சு மருந்தக் கொட்டிட்டேன். அஞ்சு உறை வீணு."

எங்கும் தடுக்காமல், ஒரே குரலில் படித்து முடித்தாள். நோட்டின் ஓரத்தை மட்டும் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன.

டெல்பர்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கே சொன்னேன்," என்றான் மெல்ல. "ஒங்கக்காவுக்கு நீ எழுதுறது படிக்கத் தெரியும்டீன்னு."

"அதுக்கு என்ன சொன்னா?"

"'படிக்கட்டும்'னா."

பிறகு அவன் விரல் நுனியால் நோட்டைத் தொட்டான். அவள் படித்தாள். வருடங்கள் போயின. துப்பாக்கிக் குழாயில் படியும் கறையைப் பற்றி, கோர்டியின் மனைவியின் கேக்கைப் பற்றி, டெல்பர்ட்டின் குறட்டையைப் பற்றி, நடுநடுவே மருந்தின் அளவுகள். பிறகு இந்த வருடம் வந்தது.

"ஜூன் மூணு. கை நடுங்குது. ஏழுதான் முடிஞ்சுது. மூணு குண்டு கீழ விழுந்துருச்சு. டெல்பர்ட் மண்டி போட்டுப் பொறுக்கிக் குடுத்தான். ஒண்ணும் பேசல. பேசாம இருக்கவும் இவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்பறம்?"

"அவ்ளோதான்."

"அடுத்த பக்கம் திருப்பிப் பாரு."

திருப்பினாள். எழுத்தே இல்லாமல் நீலக் கோடுகள் மட்டும் இருந்தன. டெல்பர்ட் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தான். லவோன் அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு வெற்றுக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள்.

"ஆகஸ்ட் இருவத்தொண்ணு. என் அடக்கத்துக்கு டெல்பர்ட் புதுச் சட்டை போட்டுட்டு வந்தான். கடைக்காரன் கட்டின விலைச் சீட்ட அறுக்கணும்னுகூட இதுக்குத் தோணல. கைக்கு அடியில தொங்குது."

அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்தது.

"இது அவ எழுதினது இல்ல," என்றான்.

"இல்ல."

அவன் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை அவள் பக்கம் நீட்டினான். கத்தரிக்கோல் மேலே சமையலறையில் இருந்தது. லவோன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.