லிபின் வராத வீட்டுப் பிரதிஷ்டை

ஸ்டெஃபி படத்தை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டது ஆபீஸ் மீட்டிங்குகளின் புண்ணியத்தில்தான். ஐ.டி. வேலை, திருமுல்லைவாயில் ஃபிளாட்டில் உட்கார்ந்தபடியே. மைக்கை அணைத்துவிட்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டிய நேரமெல்லாம் அவள் காதில் யூடியூப் பெண்ணொருத்தியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. ஆளைச் சுற்றி வெட்டுவது எப்படி, சின்னதாக்குவது எப்படி, இன்னொரு படத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது எப்படி என்று அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தாள். "நிழலை மறந்துடாதீங்க. நிழல் இல்லாதவன் தரையில நிக்க மாட்டான்" என்பது அவள் அடிக்கடி சொல்வது.

முதல் வாரம் ஸ்டெஃபியின் கணவன் லிபின் இட்லித் தட்டுக் குழி ஒன்றில் சுருண்டு படுத்துத் தூங்கினான். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பூனை ரயில்வே ஸ்டேஷனில் மின்சார ரயிலைவிட உயரமாக நின்றது. நிழல் மட்டும் தப்பான பக்கம் விழுந்திருந்தது.

லிபின் நாகர்கோவில் பக்கத்துக்காரன். திருமழிசையில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நல்லவன், ஆனால் கூச்சம். ஸ்டெஃபியின் சொந்தக்காரர்களோ ஆவடியில் பிறந்து வளர்ந்தவர்கள். நாலு பேர் சேர்ந்தால் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதனால் அவர்கள் வீட்டு விசேஷம் எது வந்தாலும் அன்றைக்கு லிபினுக்கு ஷிஃப்ட் வந்துவிடும்.

பூந்தமல்லியில் அக்கா ரோஷினி வாங்கிய புது ஃபிளாட்டின் பிரதிஷ்டை ஜெபத்துக்கும் அப்படித்தான் ஷிஃப்ட் வந்தது. ஸ்டெஃபி தனியாகப் போய்விட்டுத் திரும்பியபோது, ஷிஃப்டில் இருக்க வேண்டியவன் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் எழுப்பவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள்.

பிரதிஷ்டையில் எடுத்த குரூப் போட்டோவில், பின்வரிசையில், பிரகாசம் மாமாவுக்கும் கதவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. போன கிறிஸ்துமஸ் படத்திலிருந்து லிபினை வெட்டி அங்கே நிறுத்தினாள். முகத்தின் மஞ்சளைக் குறைத்தாள். நிழலை இந்தத் தடவை சரியான பக்கம் விழ வைத்தாள். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம் என்று, ஒரு வார்த்தை எழுதாமல், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள்.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

"மாப்ள ஷோக்கா கீறாரு" என்று பிரகாசம் மாமா எழுதினார். அவர் மனைவி சாராள் அத்தை குரல் பதிவே அனுப்பினாள். "பாவம், இன்னொரு தபா பிரியாணி கேக்கக் கூச்சப்பட்டுகினு உக்காந்திருந்தாரு. நான்தான் பாத்து வெச்சேன்." பந்தி அமளியில் யாரையும் சரியாகக் கவனிக்க முடியவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்த ரோஷினிகூட, "பால்கனி கதவு தரையில இழுக்குதுன்னு லிபின்தான் பாத்து சொன்னாரு" என்றாள்.

லிபின் எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தும் கேட்டும் பார்த்தான். "நான் அங்க நல்லாத்தான் நடந்துக்கிட்டிருக்கேன்" என்றான். போகாமலே நல்ல பெயர் வாங்கியதில் அவனுக்கு உள்ளூர சந்தோஷம். அந்தச் சந்தோஷம் மாமா போன் செய்கிற வரைதான் இருந்தது.

"மாப்ள, டிரஸ்ஸு தைக்கக் குடுக்கணும். உங்க அளவு இன்னா?"

"என்ன டிரஸ் மாமா?"

"கிறிஸ்துமஸ் தாத்தா டிரஸ்ஸுதான். கேரல் ரவுண்ட்ஸ்ல இந்த வருசம் நீங்கதான ஆடறீங்க? ரோஷினி ஊட்ல கேட்டனே, பக்கத்துல நின்னுகினு தலைய ஆட்டினீங்களே."

லிபின் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான். ஆவடித் தெருக்களில், வீடு வீடாகப் போய்ப் பாடுகிற பாட்டுக்கு நடுவே, சிவப்பு உடையில் தான் குதிப்பதை நினைத்தபோதே அவனுக்கு வேர்த்தது.

"இப்பவே உண்மையைச் சொல்லிடு" என்றான்.

ஸ்டெஃபி நிஜப் படத்தைக் குரூப்பில் போட்டாள். 'இதுதான் ஒரிஜினல். லிபின் வரவே இல்லை. விளையாட்டுக்கு நான்தான் சேர்த்தேன்' என்று கீழே எழுதினாள்.

விடியற்காலையில் குட்மார்னிங் பூக்களுடன் தொடங்கி ஓயாமல் சத்தம் போடும் குரூப் அது. அன்றைக்கு மூச்சு விடவில்லை. சாயங்காலம் ரோஷினி தனியாகக் கூப்பிட்டாள், தாழ்ந்த குரலில்.

"என்னடி சண்டை உங்களுக்குள்ள? படத்துலருந்தே தூக்கற அளவுக்கு அவர் என்ன பண்ணாரு?"

ஸ்டெஃபி எவ்வளவு சொல்லியும் ரோஷினி நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பிரகாசம் மாமாவும் சாராள் அத்தையும் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

உள்ளே வந்ததும் மாமா நேரே ஜெபத்தில் இறங்கிவிட்டார். இந்தக் குடும்பத்தில் நுழைந்த பிரிவினையின் ஆவியைத் துரத்தும்படி நீளமாக வேண்டிக்கொண்டார். லுங்கியோடு வந்த லிபின் என்ன ஏதென்று தெரியாமலே கண்ணை மூடி ஆமென் சொன்னான்.

"சொல்லுங்க மாப்ள. இன்னா பிரச்சினை?"

"பிரச்சினையே இல்ல மாமா."

"அதான் பிரச்சினை. மனசு விட்டுப் பேசணும்."

சாராள் அத்தை ஸ்டெஃபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவம் வரும் போகும்மா. அதுக்காகக் கட்டின புருசன அழிச்சிடறதா?"

"நான் அழிக்கல அத்தை. ஒட்டினேன்."

"ஒட்டினவளே அழிக்கலாமா?"

இனி பேசிப் பயனில்லை என்று ஸ்டெஃபிக்குப் புரிந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த மாமாவை அப்படியே ஒரு படம் எடுத்தாள். மேஜையில் ஆறிக்கொண்டிருந்த டீ டம்ளரை இன்னொரு படம் எடுத்தாள். லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். மாமாவைச் சோபாவிலிருந்து வெட்டினாள். விரலளவுக்குச் சுருக்கினாள். தொட்டியில் குளிக்கிறவரைப்போல டம்ளருக்குள் உட்கார வைத்து, விளிம்புக்குக் கீழே இருந்த காலை மறைத்தாள். டீயின் மேல் அவர் நிழல் விழுந்தது.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். டம்ளருக்குள் தெரிந்த தன் தலையை விரலால் தொட்டுப் பார்த்தார். 

"இதுல வயித்த மட்டும் கொஞ்சம் உள்ள தள்ள முடியுமா?" என்று கடைசியில் கேட்டார்.

தள்ளினாள். அவருக்குத் திருப்தி. அத்தை தன்னையும் அதே டம்ளரில் உட்கார வைக்கச் சொன்னாள், எதிர்ப்பக்கமாக. அதுவும் முடிந்த பிறகுதான் மாமாவுக்கு வந்த காரியம் நினைவு வந்து லிபினைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நீங்க நெஜமாவே வரலியா?"

"இல்ல மாமா."

"ஷிஃப்டா?"

லிபின் லுங்கியின் ஓரத்தை உருட்டினான். "இல்ல. நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல கேக்கறீங்க. யாருக்கு முதல்ல பதில் சொல்றதுன்னு தெரியல. பயமா இருக்கு."

ஸ்டெஃபிக்கே இது புதிது. ஆவடி ஆட்கள் தனக்குத் தாழ்த்தி என்று அவன் நினைப்பதாகத்தான் இத்தனை நாள் மனதுக்குள் குமைந்திருந்தாள். நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமா சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தார். "மாப்ள, நாங்க பதிலுக்காகக் கேக்கறதில்ல. சும்மா தலைய ஆட்டிகினு நின்னாலே போதும். அன்னிக்குப் படத்துல நின்னீங்களே, அது மாரி."

"வராத ஆள் தலைய ஆட்டினத எப்படி மாமா பாத்தீங்க?"

"அது எனக்கும் தெரியல" என்றார் மாமா. பிறகு வாழைப்பழத்தை உரித்தபடி, "முகமூடி கீது. மொகம் தெரியாது. கிறிஸ்துமஸ் தாத்தாகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கவும் மாட்டாங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் லிபினுக்குள் ஏதோ வேலை செய்திருக்க வேண்டும். மறுநாள் அவனே அளவு எடுத்து அனுப்பினான்.

டிசம்பரில் ஆவடியில் அவன் ஆடினான். ஆரம்பத்தில் ஒரு கையை மட்டும் ஆட்டினான். அப்புறம் சட்டைக்குள் கட்டியிருந்த தலையணை நழுவி முழங்காலுக்கு வருகிற அளவுக்கு ஆடினான். பாட்டு நின்ற பிறகும் கொஞ்சம் ஆடினான். கடைசி வீட்டில் முகமூடியைக் கழற்றி, வேர்வை வழிய, வாய் முழுக்க கேக்குடன் சிரித்தபோது ஸ்டெஃபி ஒரு படம் எடுத்தாள். துளியும் கைவைக்காமல் குரூப்பில் போட்டாள்.

கேரலுக்கு வர முடியாத ரோஷினி உடனே எழுதினாள்: "செம எடிட்டிங்டி. நிழல்கூட கரெக்டா விழுந்திருக்கு."

குரூப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஓர் எழுத்துகூட எழுதாத லிபின், ஸ்டெஃபி தடுப்பதற்குள், தட்டினான்: "அண்ணி, அது நான்தான். ஆடியதில் காலில் ரத்தக்கட்டு இருக்கிறது. வேண்டுமானால் போட்டோ அனுப்புகிறேன்."