வக்கீல் தலையில் கட்டப் பார்த்த வண்டி

காலையில் எழுந்ததும் பல் டாக்டர் பல் துலக்கமாட்டார். தொழிலுக்கே அவமானம்தான், ஆனால் உண்மை அது. தூக்கக் கலக்கத்தில் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். அங்கே அவருடைய வண்டி நிற்கும். நிற்கும் என்று சொல்வதுகூடத் தப்பு. பாதி நாள் அது உட்கார்ந்திருக்கும்.

ஒரு காலத்தில் அது பெரிய மனுஷர்களின் வண்டி. காடு, மலை, ஆறு எதுவானாலும் ஏறி இறங்கும். உள்ளே தோல் இருக்கை, மர வேலைப்பாடு. நாலு சக்கரத்துக்கும் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. நிறுத்தினால், ஆள் இறங்கத் தோதாகத் தானே தாழ்ந்து கொடுக்கும். சாவியைத் திருப்பினால் பம்ப் காற்றடித்துத் தானே நிமிரும். மவுசெல்லாம் தீர்ந்த பிறகு மூன்றாவது கையாகவோ நாலாவது கையாகவோ டாக்டரிடம் வந்து சேர்ந்தது. தாழ்ந்து கொடுப்பதை இன்றுவரை அது மறக்கவில்லை. நிமிர்வதுதான் அதன் இஷ்டம்.

டாக்டரின் மனைவி கணக்கு டீச்சர். வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'இளையவ'. "என்னங்க, உங்க இளையவ எழுந்துட்டாளா, இல்ல இன்னைக்கும் உடம்பு முடியலையா?" என்று தினமும் அக்கறையாக விசாரிப்பார். வயிறு எரியும் அக்கறை அது. எரியாமல் என்ன செய்யும்? சாப்பாட்டு மேசையில் பம்ப் பிரிந்து கிடக்கும். குளியலறை வாளியில் ஏதோ குழாய் ஊறும். வீட்டிலிருந்த நல்ல துண்டெல்லாம் கிரீஸ் துடைக்கப் போயிற்று. நடுரோட்டில் இறங்கி நடப்பதற்கென்றே டீச்சரின் கைப்பையில் ஒரு ஜோடி தட்டைச் செருப்பு எப்போதும் இருக்கும்.

டாக்டர் வைத்தியம் பார்க்கும் அழகு தனி. வண்டிக்கு எந்த நோவு வந்தாலும் முதலில் பம்பைத்தான் கழற்றுவார். ஒருமுறை பம்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பல் சுரண்டும் கருவியால் வால்வையெல்லாம் சுத்தம் செய்து, வாரக்கணக்கில் மல்லாடிவிட்டுக் கடைசியில் பார்த்தால், போனது சுண்டுவிரல் நகம் அளவு ஃபியூஸ். "இதை முதல்லயே பார்த்திருக்கலாமே?" என்று டீச்சர் கேட்டதற்கு, "அதுல என்ன சுவாரசியம் இருக்கு?" என்றார் மனுஷன்.

இதையெல்லாம்கூட டீச்சர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது அந்த விருது நாளில். நல்லாசிரியர் விருது அவருக்கு. டாக்டர் பெருமை பொங்க இளையவளில் அழைத்துப் போனார். பாதி வழியில், சிக்னலில், இளையவள் பெருமூச்சு விட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டாள். தட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சர் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அரங்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விருதைக் காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அழுதார்.

"அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு சொல்லுங்க."

டாக்டர் யோசித்தார். யோசித்தாரே, அதுதான் அவர் செய்த தப்பு. அன்றைக்கே டீச்சர் 'விற்பனைக்கு' என்று விளம்பரம் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். இழவு வீட்டு முகத்தோடு டாக்டர் வாசலுக்குப் போனார். அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால் எவன் வாங்குவான்?

"சார், ஒளிக்காம சொல்லிடறேன். பின்னாடி இடது பக்கம் பையில காத்து கசியுது."

"அப்படியா!" வக்கீலின் கண் விரிந்தது. "சோப்புத் தண்ணி தெளிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்க்காமலா? மேல கூரைக் கண்ணாடி வேற ஒழுகும்."

"ஒழுகலைன்னா இது அசல் வண்டியே இல்ல சார்!"

"முன்னாடி எல்லா எச்சரிக்கை விளக்கும் எரியும். எதுக்குன்னு எவனுக்கும் தெரியாது."

"எரியட்டும் சார். பார்க்க அழகா இருக்குமே."

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் தப்பு. தனக்கிருக்கும் அதே கிறுக்கு முற்றிப்போன ஆள். ஆனால் தன் பம்ப் வைத்தியத்தை இத்தனை ஆசையாகக் கேட்கும் ஒருவரை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. விரட்ட வந்ததை மறந்து பீற்றிக்கொள்ள ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு பழைய பாயை விரித்து இரண்டு பேரும் வண்டிக்கடியில் போய்விட்டார்கள். வெளியே நாலு கால் மட்டும் தெரிந்தது.

உள்ளே டீச்சர் டீ போட்டுக் கொடுத்தார். கல்யாணக் களை முகத்தில். ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்த வக்கீலம்மாவைப் பார்க்கப் பார்க்க மனசு உறுத்தியது. இந்த அப்பாவி தலையிலா கட்டுவது? விருது நாள் கதையைச் சொன்னார். தட்டைச் செருப்பை எடுத்துக் காட்டினார்.

"பொம்பளைக்குப் பொம்பளை சொல்றேன். இது உங்களுக்கு வேண்டாம்மா."

வக்கீலம்மா அசரவில்லை. "எங்ககிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுக்கா. நான்தான் அழுது அடம்பிடிச்சு விக்க வெச்சேன்."

"அப்பாடா! நிம்மதியா இருந்திருக்குமே?"

"எங்க? அதுவரைக்கும் வெளிய கிடந்த மனுஷன் உள்ள வந்துட்டாரே." வக்கீலம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லா ஓடிட்டிருந்த மிக்ஸியைப் பிரிச்சுப் போட்டாரு. டப்பாவெல்லாம் உயரவாரியா அடுக்கினாரு, மஞ்சத்தூள் எங்கன்னு இன்னும் தேடறேன். அடுப்புகிட்ட நின்னா பின்னாடியே நின்னு, 'தீயைக் குறை, தீயைக் குறை'ங்கறாரு. தங்கச்சிகிட்ட போன் பேசினா பக்கத்துல உக்காந்து, 'என்ன சொல்றா?'ங்கறாரு. காய் வாங்கப் போனாலும் கூடவே வராருக்கா! உங்க விளம்பரத்தைத் தேடிப் பிடிச்சதே நான்தான். என்ன விலைன்னாலும் சரி, எனக்கு என் ஞாயித்துக்கிழமை திரும்ப வேணும்."

டீச்சர் ஜன்னல் வழியாக அந்த நாலு காலையும் பார்த்தார். சோபாவில் குப்புறக் கிடந்த தன் புத்தகத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கடாவென்று காலை நீட்டிப் படிப்பதும், தன் அக்காவோடு போனில் மணிக்கணக்காக ஊர் வம்பு பேசுவதும், மதியம் சமைக்காமல் விட்டாலும் கேட்க ஆளில்லாமல் இருப்பதும் யார் புண்ணியத்தில் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

எழுந்து வாசலுக்கு ஓடினார். "விக்கலை! வண்டி விக்கலை!"

வண்டிக்கடியில் 'டங்' என்று ஒரு தலை மோதும் சத்தம் கேட்டது.

பின்னாலேயே வந்த வக்கீலம்மாவுக்கு அழுகை முட்டியது. "அக்கா, இது நியாயமே இல்ல. நல்ல மனசோட எல்லாத்தையும் சொன்னேன்ல?"

"நல்ல மனசுக்கு இன்னொரு டீ வேணா தரேன். வண்டி தர முடியாது."

அவர்கள் போனதும் டாக்டர் நெற்றி வீங்க, கண் கலங்க நின்றார். "எனக்காகவா?"

"வேற யாருக்காக?" என்றார் டீச்சர், கண்ணை இமைக்காமல்.

அந்த நன்றியில் வந்தது வினை. டாக்டர் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். புதுப் பை மாட்டினார், கூரை ஒழுகலை அடைத்தார், பம்பைப் புதுசாக்கினார். இளையவள் தினமும் சாவியைத் திருப்பியதும் ராணி போல எழுந்து நின்றாள். ஒரு விளக்குகூட எரியவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் சோபாவில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்தார். பக்கத்தில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் டாக்டர், கையில் ஸ்க்ரூடிரைவர்.

"வண்டில ஒரு வேலையும் இல்ல. பொழுதே போகல. உன் மிக்ஸி சத்தம் கொஞ்சம் ஒரு மாதிரியா இல்ல?"

"இல்ல."

"சரி, அலமாரியைப் பார்த்தேன். உப்பு டப்பா ஏன் கீழ இருக்கு? இனிமே ஞாயித்துக்கிழமை முழுக்க உன்கூடத்தான். என்ன படிக்கற? என்ன ஆச்சு அதுல?"

டீச்சர் புத்தகத்தை மூடினார். "முதல்ல போய்க் குளிச்சுட்டு வாங்க. வெளிய போகலாம்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போனார். இளையவள் வழக்கம்போலத் தாழ்ந்து கிடந்தாள். டீச்சர் முன்மூடியைத் தூக்கினார். இத்தனை வருஷம் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு ஃபியூஸ் பெட்டி எங்கே, அதில் பம்புக்கு எது என்பதெல்லாம் மனப்பாடம். அந்தப் பொடிசைப் பிடுங்கிக் கைப்பையில், தட்டைச் செருப்புக்கு அடியில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

டாக்டர் தலை துவட்டியபடி போய்ச் சாவியைத் திருப்பினார்.

"ஐயோ! இங்க வாயேன்! எழுந்திருக்க மாட்டேங்கறா!" கூப்பாடுதான், ஆனால் அந்தக் குரலில் தொலைந்தது கிடைத்த சந்தோஷம். குளித்த உடம்போடு அவர் தரையில் படுப்பது ஜன்னலில் தெரிந்தது.

"பம்பாத்தான் இருக்கும். நல்லாப் பிரிச்சுப் பாருங்க!" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, டீச்சர் விட்ட பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.