கருப்புக்கு நேர்ந்த பொட்டலம்

1

கிட்ட வந்து உட்காருங்கள். வெயிலில் நடந்து வந்திருப்பீர்கள், மூச்சு ஆறட்டும். உங்களுக்கென்றே ஒரு கதை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதில் கொஞ்சம்தான் நான் பார்த்தது. மீதி நான் கட்டியது.

பார்த்தது இவ்வளவுதான். 2004, பங்குனி மாதம். ஒரு நிலத் தகராறில் சாட்சி சொல்ல மதுரைக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வாலிபன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.

"சளியா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. வாசம்" என்றான்.

அவள் வெடுக்கென்று திரும்பி அவனைப் பார்த்தாள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போனது. அந்தப் பார்வைக்குள்ளேதான் இந்தக் கதை முழுவதும் இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"போதை என்னும் அரக்கனின் பிடியில் சிக்கிய இளைஞன் அழகுபாண்டி—"

அடித்துவிட்டேன். அரக்கனைக் கொண்டுவந்தால் நீங்கள் அவனைத்தான் பார்ப்பீர்கள். கைக்குட்டைப் பையனை யார் பார்ப்பது?

பிறகு இப்படி:

"மாண்புமிகு நீதிபதி தம் முறுக்கு மீசையைத் தடவியவாறு—"

அதையும் அடித்தேன். மீசைக்காரர் வந்த வேகத்தில் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எனக்கு வேண்டியவர் வேறு மாதிரி. மெலிந்த ஆள், சவரம் செய்த முகம், பேசுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற வழக்கம். சௌந்தரராஜன் என்று பெயர் வைத்தேன். வைத்ததும் அவரே பேசத் தொடங்கிவிட்டார்.

3

பெஞ்சில் பார்த்த பெண்ணுக்குப் பாண்டீஸ்வரி என்று பெயர் வைத்தேன்; பழங்காநத்தத்தில் அவளுக்கு ஒரு இட்லிக் கடை. தம்பி அழகுபாண்டி லோடு ஆட்டோ ஓட்டினான். ஓட்டினான் என்றால், பாதி நாள் ஆட்டோ நின்றுகொண்டிருக்கும், அவன் அதற்குள் படுத்துக் கிடப்பான். சட்டைப் பையில் ஒரு கைப்பிடி கஞ்சாவோடு போலீஸ் பிடித்தது. குற்றம் உறுதியானது. தண்டனை சொல்ல வேண்டிய நாளில் சௌந்தரராஜன் கண்ணாடியைத் துடைத்தார்.

"அழகுபாண்டி, உன்னை ஆறு மாசம் உள்ள போட்டா அங்க கஞ்சா கிடைக்காதுன்னு நினைக்கிறியா?"

"கிடைக்கும்ங்கய்யா" என்றான் அவன், உதவி செய்கிற மாதிரி.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டார்.

(சட்டத்தில் ஓர் ஓரமாக இப்படியும் வழி இருக்கிறது: கொஞ்சமாக வைத்திருந்து பிடிபட்டவன் அடிமையாகிப்போனவன் என்றால், உடனே தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள் அவன் அறிக்கையோடு வர வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் கண்டித்து விட்டுவிடலாம். மாதம் ஒருமுறை தன் முன்னால் வந்து நிற்கச் சொல்வது மட்டும் சௌந்தரராஜன் தாமாக வைத்துக்கொண்ட வழக்கம்.)

"சிகிச்சைக்குப் போ. நடுவுல வழுக்கி விழுந்தா வந்து சொல்லு, பேசிக்கலாம். பொய் சொன்னா மட்டும் அன்னைக்கே ஆறு மாசம். இவனுக்கு யாரு பொறுப்பு?"

பாண்டீஸ்வரி எழுந்தாள். "நாந்தான்யா. அக்கா."

பத்திரத்தில் அவள் போட்ட கையெழுத்தில் கடைசி 'ரி' வரிக்கு வெளியே போய் விழுந்தது.

4

திருவாதவூர் போகிற சாலையில் ஒரு மறுவாழ்வு இல்லம். (பெயர் கேட்காதீர்கள், நான் கட்டியதுதான்.) அங்கே ஹம்சவேணி என்று ஒரு ஆலோசகர், சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். கோபம் வந்தால் வீட்டுப் பாஷையில் திட்டுவார். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் முப்பது ஆண்பிள்ளைகளும் எழுந்துபோய்ப் பல் விளக்குவார்கள்.

தம்பியை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிய நாளில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் செத்துப்போவேன்க்கா" என்று கத்தினான். பாண்டீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. சாலையில் மேற்கே பார்த்து நின்றாள். அந்தத் திசையில், செக்கானூரணிக்கும் அப்பால், அவர்கள் ஊர் எல்லையில் குலசாமி கருப்பு நிற்கிறார்.

"எந் தம்பி தெளிஞ்சு வரட்டும். தீர்ப்புச் சொல்ற அன்னைக்கே, வீட்டுப் படி மிதிக்காம, நேரா உங்கிட்ட வாரேன். உனக்குப் பிடிச்சது அம்புட்டும் படைக்கிறேன்."

கருப்புக்குப் பிடித்தது என்ன? தேங்காய், சுருட்டு, அப்புறம் ஒரு பொட்டலம் கஞ்சா. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் அதுதான் படையல்.

சிரிக்காதீர்கள். அவளுக்கு அது தோன்றவே இல்லை. கோர்ட்டில் போட்டது சர்க்கார் கையெழுத்து. சாலையில் சொன்னது சாமி வாக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நாலாவது மாதம் அவன் ஒருமுறை வழுக்கினான். தானே போய் நீதிபதியிடம் சொன்னான். அதற்குப் பிறகு வழுக்கவில்லை.

தீர்ப்புக்கு முந்தின நாள் அவள் சுருளியைத் தேடிப் போனாள். தம்பிக்கு விற்றவனும் அவன்தான். வேறு யாரை அவளுக்குத் தெரியும்?

"என்ன மதினி, மாப்ள திரும்ப ஆரம்பிச்சுட்டானா?"

"நாக்கு அழுகிப்போகும். சாமிக்கு."

"அடியாத்தி! அவனைத் தெளிய வச்சதுக்குக் கருப்பைக் கிறங்க வைக்கப் போறியா? நல்ல ஞாயம்தான்!"

"வாயை மூடிக்கிட்டு நல்லதாப் பாத்துக் குடு. சாமி காரியம்."

5

இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் நிறுத்தியிருந்தேன். அடுத்து வருவது எனக்குத் தெரிந்துவிட்டது. பாண்டீஸ்வரிக்குத் தெரியாது. தெரியாதவளைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போக மனசு வரவில்லை.

காலையில் டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார ஒரு இடம் கிடைத்தது. தம்பியை உட்கார வைத்து, தீர்ப்பு முடிந்ததும் நேராகக் கருப்பிடம் கொண்டுபோகக் கட்டிய மஞ்சள் பையை அவன் மடியில் வைத்தாள். கோர்ட்டுக்கு வந்து சேர அரை மணி நேரம். அவன் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தான். பயந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பெஞ்சு. கைக்குட்டை. என் கேள்வி. "வாசம்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பையைத் தூக்கி எறியலாம் என்று பார்த்தாள், வராந்தா முழுக்கப் போலீஸ். அதற்குள் டவாலி அவர்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஹம்சவேணி எழுதிய அறிக்கை நன்றாக இருந்தது. சௌந்தரராஜன் இரண்டு முறை படித்தார். பேனா மூடியைக் கழற்றினார். தீர்ப்புக்கு இன்னும் ஒரு வரிதான்.

"கடைசியா ஒண்ணு கேக்குறேன். இப்பவும் ஆசை வருதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. நான்கூட அவனுக்கு எழுதிக் கொடுத்துப் பார்த்தேன்: "இல்லைங்கய்யா, எல்லாம் போயிருச்—"

அவன் சொல்லமாட்டேன் என்றுவிட்டான்.

"வருதுங்கய்யா."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"இப்ப. இந்த நிமிசம்."

"இங்க என்ன இருக்கு, ஆசை வர்றதுக்கு?"

அழகுபாண்டி ஜன்னலைப் பார்த்தான். மேலே சுழலாத மின்விசிறியைப் பார்த்தான். எங்கே வேண்டுமானாலும் பார்த்தான், அக்கா பக்கம் மட்டும் திரும்பவில்லை. பொய் சொன்னால் ஆறு மாதம். உண்மை சொன்னால் அக்கா.

"கேக்குறேன்ல?"

பாண்டீஸ்வரி எழுந்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் எழுந்த அதே இடம்.

"அவன் சொல்ல மாட்டான்யா. எங்கிட்ட இருக்கு."

குமாஸ்தா மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தேங்காய். மூன்று சுருட்டு. பொட்டலம். (எலுமிச்சம்பழத்தை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன். காரணம் பிறகு.) வாசலில் நின்ற ஏட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"சாமிக்கு நேந்ததுய்யா. இவன் தெளியணும்னுதான் நேந்தேன்."

சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"இந்தப் பை காலையிலேருந்து யாரு கையில இருந்துச்சு?"

"பஸ்ஸுல அவன் மடியிலதான்யா வச்சேன். அரை மணி நேரம். அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதுய்யா."

நீதிபதி கையில் இருந்த அறிக்கையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"அய்யா, அவளை ஒண்ணும் செஞ்சுராதீக" என்றான் அழகுபாண்டி. "அவளுக்கு நான் பொறுப்பு. கையெழுத்துப் போடுறேன்."

6

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில் சட்டம் தன் வேலையைச் செய்தது. பொட்டலம் கைப்பற்றப்பட்டது, அக்கா மேல் வழக்கு. எழுதி முடித்து அன்றைக்கு இட்லி தின்ன உட்கார்ந்தேன், பூட்டிக் கிடக்கிற அவள் கடைதான் ஞாபகம் வந்தது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் நீதிபதி சிரித்து, "சாமி காரியம், போயிட்டு வாங்க" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார். என் நில வழக்கைப் பார்த்த வக்கீல் நல்லகாமனிடம் வாசித்துக் காட்டினேன். "ஏம்மா, அந்த மனுசன் வேலைக்கு உலை வைக்கவா?" என்றார்.

மூன்றாவதில் தம்பி அக்காவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டான்.

"அவனே ஜாமீன்ல நிக்கிறான். அவன் இன்னொருத்தருக்கு நிக்கச் சட்டத்துல இடமில்லம்மா" என்றார் நல்லகாமன்.

"கதையில?"

அவர் சட்டப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "அந்தக் கையெழுத்து வரிக்குள்ள விழுந்துச்சா?" என்று கேட்டார்.

நான் பார்த்ததில் மிச்சம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் உள்ளே போன சற்று நேரத்தில் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது பெஞ்சு காலி. பெஞ்சுக் காலடியில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. பதறி உள்ளே போகும்போது பையிலிருந்து உருண்டதா? இல்லை, மனசு லேசாகி வெளியே வந்து, படையல் பையைச் சரிசெய்யும்போது உருண்டதா? இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு பையனுடைய ஆறு மாதம் இருக்கிறது. எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். நான் பொய் சொன்னால் சௌந்தரராஜன் என்னையும் உள்ளே போட்டுவிடுவார்.

அவர் இன்னும் மூடி கழற்றிய பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் பஸ்ஸில் அந்தப் பையன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அது போதும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கால் தடுமாறினால், "நாந்தான் பொறுப்பு" என்று எழுந்து நிற்க இன்னொருவர் இருக்கட்டும். எழுந்தவர் தலைகுனியாமல் இருக்கட்டும். வெளியே போன பிள்ளைகள் பொழுதோடு வீடு திரும்பட்டும், அவர்களுக்கு எடுத்து வைத்த சோறு சூடு ஆறாமல் இருக்கட்டும். மக்களே, குடும்பத்தோடு நல்லா இருங்கள்.