கை உயரம் வரை

எங்கள் வீட்டு நடைவழிக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் மரச்சீவல் கலந்த சொரசொரப்பான வால்பேப்பர், அதன் மேல் வெள்ளை பெயின்ட். எங்கள் ஊர் ஓல்டன்பர்க்கில் யார் வீட்டுக்குப் போனாலும் இதேதான். குடிவந்த நாளிலிருந்து அதில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டே இருக்கிறேன். மகளை வளர்த்து அனுப்பியாயிற்று, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. இந்தக் கோடையில் அந்தப் பேப்பரை உரித்துப்போட்டு, சுவரை வழவழவென்று பூசி, மெல்லிய சாம்பல் நிறம் அடிப்பது என்று முடிவு செய்தேன்.

என் கணவன் ஃபோல்க்மார் குறுக்கே நின்றான்.

"திரும்பவும் பேப்பரே ஒட்டலாம்."

"எதுக்கு?"

"சுவத்துல விரிசல் இருக்கு. பேப்பர்னா மறைச்சிரும்."

"விரிசலைப் பூசிக்கலாம்."

"பெயின்ட்ல சின்னக் கறை பட்டாலும் தெரியும்."

"கறை பண்ணாம நட."

சோபா வாங்கியபோதும் காருக்கு நிறம் பார்த்தபோதும் "உன் இஷ்டம்" என்று கழன்றுகொண்ட மனிதன் இவன். இப்போது ஒரு சுவருக்காகப் பிடிவாதம் பிடிப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. சரி, கடையில் போய்ப் பார்த்தால் மனம் மாறுவான் என்று அழைத்துப் போனேன். பெயின்ட் அட்டைகளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வால்பேப்பர் மாதிரிகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்ன, பூனையைத் தடவற மாதிரி தடவற? வாங்கிட்டுப் போனா பால் வெச்சு வளப்பியா?"

"இது நல்லா இருக்கு," என்று இருப்பதிலேயே சொரசொரப்பான ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

எதையும் வாங்காமல் திரும்பினோம். எனக்கும் வீம்பு உண்டு. சனிக்கிழமை காலை அவன் சந்தைக்குப் போனதும், பக்கத்து வீட்டு இங்கோவிடம் வால்பேப்பர் உரிக்கும் நீராவி இயந்திரத்தை இரவல் வாங்கி, நடைவழியின் வலதுபக்கத்தை முழுவதும் உரித்துத் தள்ளினேன். பேப்பர் போன பிறகு மறுபடியும் அதையே ஒட்டு என்று எந்த வாயால் சொல்வான்? தரை முழுக்க ஈரச்சுருள்கள். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷம். சுருள்களை வாரிப் பின்கட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தேன்.

மதியம் நல்ல வெயிலிலிருந்து உள்ளே வந்தான். ஒரு கையில் ஸ்ட்ராபெரிக் கூடை. இன்னொரு கை வழக்கம்போல் சுவருக்குப் போனது. அவன் எப்போதும் சுவரைத் தொட்டபடி நடப்பான். அதைப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். வெறும் பூச்சில் பட்டதும் கை நின்றது. மேலும் கீழும் தேடியது. பிறகு அவன் நேராக நடந்து, நடைவழி முடியும் இடத்தில் பாதாள அறைக்கு இறங்கும் படிகளில் தடுமாறி விழுந்தான்.

நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு மட்டும் பிசகியிருந்தது. பயத்தில் கத்தினேன்.

"பட்டப்பகல்ல இப்படியா விழுவ? கண்ணை எங்க வெச்சிருந்த?"

படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"பேப்பர் முடியற இடத்துல தடிமனா ஒரு ஒட்டு இருக்கும். அது கைல பட்டதும் நிப்பேன். நீ அதை உரிச்சிட்ட."

"என்ன சொல்ற நீ?"

"வசந்த காலத்துல கண் டாக்டரைப் பாத்தேன். ஓரத்துப் பார்வை போயிடுச்சு. நடுவுல கொஞ்சம் இருக்கு. வெளிச்சம் கம்மின்னா அதுவும் இல்ல. போனது திரும்பாதுன்னாரு. மிச்சத்துக்குத்தான் சொட்டு மருந்து."

சாயங்காலங்களில் அவன் கார் எடுக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. டீசல் விலை என்றுதான் சொல்லியிருந்தான்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா வீட்டை வித்துட்டு ஹனோவர் போலாம்ப. மக வீட்டுப் பக்கத்துல, லிஃப்ட் வெச்ச ஃபிளாட்டு. போன கிறிஸ்துமஸ்லயே சொன்னியே, யாருக்காவது முடியாம போனா கிளம்பிடணும்னு. இந்த வீட்டுல யார் கையையும் பிடிக்காம நடக்கறேன், அன்னெகிரெட். அங்க போனா முதல் நாளே குருடன்."

கோபம் வந்தது. இத்தனை மாதம் பக்கத்தில் படுத்துக்கொண்டு மறைத்தானே என்று அவன்மேல். நாள் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே இருந்தும் ஒன்றையும் கவனிக்கவில்லையே என்று என்மேல். அவன் சொன்னதும் பொய்யில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஹனோவரில் வீடு தேடியிருப்பேன். படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் உருண்டு கிடந்த பழங்களை நானே பொறுக்கினேன்.

"ஹனோவர் போகல," என்றேன். "ஆனா இனிமே எதையாவது மறைச்சேன்னா, நானே உன்னைத் தள்ளிவிடுவேன்."

"படியைக் காட்டிட்டுத் தள்ளு," என்றான்.

அடுத்த வாரம் கை உயரம் வரை பேப்பர் ஒட்டினோம், அவன் கடையில் தூக்கிக் காட்டிய அதே சொரசொரப்பு. படிக்கு ஓர் எட்டு முன்னால் தடிமனான பட்டை ஒன்று. பேப்பர் மேலும் அதற்கு மேலே உள்ள சுவரிலும் என் பெயின்ட். கதவுகள் வெள்ளை, சுவரும் வெளிறிப்போனால் கதவு எங்கே என்று அவனுக்குத் தெரியாது. அதனால் நிற அட்டைகளைக் கதவோரம் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கேட்டேன். என் சாம்பல் நிறத்துக்கு, "அட்டையைப் பிடிச்சிட்டியா?" என்றான். பச்சைக்கும் நீலத்துக்கும் உதட்டைப் பிதுக்கினான். கடைசியாகத்தான் ஆரஞ்சை எடுத்தேன்.

"அது. அது தெரியுது. கதவும் தெரியுது."

எழுபதுகளில் என் அம்மாவின் சமையலறை முழுக்க அந்த ஆரஞ்சுதான். என் வீட்டில் அது நுழையவே கூடாது என்று சபதம் செய்திருந்தேன்.

"வேற ஒண்ணுமே தெரியலையா? நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன்."

அதையே அடித்தேன். இயந்திரத்தைத் திரும்ப வாங்க வந்த இங்கோ வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அன்னெகிரெட் இது! தெருவுலேருந்தே தெரியுதே!"

"தெரியணும்னுதான்," என்றேன்.

சமையலறையிலிருந்து ஃபோல்க்மார் வந்தான். விரல்கள் சுவரில் உரச, எங்கும் நிற்காமல் நடந்து வந்து, இங்கோவுக்குக் கை கொடுத்தான்.