கை நீட்டிக் காட்ட முடிகிற வாக்கியங்கள்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு மாத இதழ்க்காரர் என்னிடம் கட்டுரைதான் கேட்டார். "இன், ஆன், அட். இந்த மூணும் நம்ம ஆளுங்களை ஏன் இந்தப் பாடு படுத்துது? சிரிக்கச் சிரிக்க எழுதிக் குடுங்க" என்றார். பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பது என் தொழில். சரக்குக்குப் பஞ்சமில்லை. இப்படி ஆரம்பித்தேன்:

'வீட்டில், சுவரில், மார்ச்சில் என்று தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே "இல்" போட்டு ஒப்பேற்றிவிடலாம். ஆங்கிலக்காரனுக்கோ உள்ளே என்றால் ஒன்று, மேலே என்றால் ஒன்று, மாதம் என்றால் —'

அங்கேயே நிற்கிறது. மார்ச் என்று எழுதியதும் கை ஓடவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

2

அக்காவிடமிருந்து தொடங்க வேண்டும். ஒரு ஹோட்டலின் லாண்டரியில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நீராவியில் நின்று கால் வீங்கிக் கிடக்கும். அதே ஹோட்டலின் ரிசப்ஷனில் ஓர் இடம் காலியானது. நாற்காலி உள்ள வேலை. அறை எந்த மாடியில், காலைச் சாப்பாடு எத்தனை மணி வரை, வண்டி எங்கே நிற்கும் என்று ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்ல வேண்டும். சொல்லப்போனால் அந்த வேலையே இந்தக் குட்டிச் சொற்கள்தான். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ.

அவளுக்கு நான் ஒரே ஒரு விதி வைத்தேன்: கை நீட்டிக் காட்ட முடியாத வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. பாயின் மேல் பூனை எல்லாம் வேண்டாம், வீட்டில் பூனையே கிடையாது. இருப்பதை மட்டும் சொல். காட்டு.*

* இந்த விதியைக் கண்டுபிடித்ததற்காக என் முதுகில் நானே தட்டிக்கொண்டதுண்டு. இப்போது அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

3

அவள் வீட்டு முன்னறை. இருவரும் ஒரு போர்வையை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம்.

"தி ஃபேன் இஸ் இன் தி ஸீலிங்" என்றாள், முகவாயால் மேலே காட்டி.

"ஃபேன் என்ன, சீலிங்குக்குள்ள புதைஞ்சா கிடக்கு?"

"ஆன்! ஆன்! கத்தாதடி, டீச்சரம்மா. தி பக்கெட் இஸ் அண்டர் தி டேப். மை ஷிஃப்ட் ஸ்டார்ட்ஸ் அட் சிக்ஸ்."

"அப்படிப் போடு. அடுத்தது?"

அக்கா தன் பக்கத்து முனைகளை விட்டுவிட்டாள். போர்வையின் அந்தப் பாதி தரையில் விழுந்தது. வலது கையை இடது அக்குளுக்குள் வைத்தாள்.

"தேர் இஸ் எ ஸ்டோன் அண்டர் மை ஆர்ம். இட் கேம் இன் மார்ச்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கரெக்ட்! அண்டர் கரெக்ட். மாசத்துக்கு இன், அதுவும் கரெக்ட்."

(இந்த வரியை மாற்றிவிடலாமா என்று பலமுறை பார்த்துவிட்டேன். நான் எழுதும் கதை, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அக்கா கேட்பாள்.)

அவள் கை அங்கேயே இருந்தது.

4

'எனக்குத் தூக்கிவாரிப் போட்டது' என்று எழுதி அடித்தேன். நின்ற இடத்தை விட்டு நான் அசையவே இல்லை. 'தலையில் இடி விழுந்தது —' அதுவும் இல்லை. குழாய் சொட்டும் சத்தம்கூடக் கேட்டுக்கொண்டிருந்தது. நடந்தது இவ்வளவுதான்: என் பக்கத்துப் போர்வையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை இழுத்து, அங்கே வைத்தாள். தோலுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு. நகரவில்லை.

"ஏன்க்கா... ஏன் சொல்லல? இத்தனை மாசமா?"

"தமிழ்ல சொல்ல வாய் வரலடி. இங்கிலீஷ்ல சொன்னா வேற யாருக்கோ வந்த மாதிரி இருக்கு."

5

மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் தொட்டுப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும், தள்ளிப் போடாதீங்க என்றார். வெளியே நர்ஸ் தேதி கொடுத்தார். வெள்ளிக்கிழமை, பத்து மணி.

இன்டர்வியூவும் வெள்ளிக்கிழமை, பத்து மணி.

கதைக்காக நான் இட்டுக்கட்டியது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வேறு நாள் கேட்டோம். அடுத்த இடம் மூன்று வாரம் கழித்துத்தான். ஹோட்டல் மேனேஜரோ, "வந்தா வாங்க, இல்லன்னா வேற ஆள் இருக்கு" என்று போனை வைத்துவிட்டார்.

"மார்ச்லேருந்து இருக்கிறது இன்னும் மூணு வாரம் இருக்காதா?" என்றாள் அக்கா.

"இருக்கும்க்கா. அதான் பயமே."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) டாக்டர் சிரித்துக்கொண்டே வருகிறார். "வெறும் கொழுப்புக் கட்டிதாம்மா, போய் —"

ஆ) ரிசப்ஷன் நாற்காலியில் அக்கா. அறை மூன்றாவது மாடியில் என்கிறாள், பிசகில்லாமல். ஆனால் அவள் இடது கை —

இ) (இதை எழுத மாட்டேன்.)

மூன்றில் எதையும் கை நீட்டிக் காட்ட முடியவில்லை. விதி விதிதான்.

இன்று வியாழக்கிழமை. இதுவரை எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"என் அக்குளை ஊருக்கே காட்டுறியே, வெக்கமா இல்ல உனக்கு?" என்று சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எங்கக்கா போற?"

அக்கா கொடியிலிருந்து அதே போர்வையை உருவி, இரண்டு முனைகளை என் கையில் திணித்தாள். பிறகு கேள்வியை அவள் கேட்டாள்.

"டுமாரோ, அட் டென், வேர் ஆர் யூ?"

எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கே எந்தச் சொல் என்று தேட வேண்டியிருந்தது.

"பிசைட் யூ" என்றேன்.

"காட்டு."

கையை நீட்டினேன். அவள் தோளில் பட்டது.

"கரெக்ட்" என்றாள், அச்சு அசல் என் குரலில். போர்வையை உதறினாள்.

என் வாக்கியம் முடிந்தது. அவளுடையதை உங்களிடம் விடுகிறேன்:

வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு, அக்கா ______________.