லிஃப்ட் இல்லாத கட்டடம்

1
"யாருக்காவது நன்றி சொல்லி ஒரு கதை எழுதுங்க" என்றார் மாலை வகுப்பு ஆசிரியர். தாத்தாவுக்காக எழுத உட்கார்ந்தேன். வரிக்கு வரி அம்மா குறுக்கே வந்து நிற்கிறாள்.

2
முதல் தொடக்கம்: 'விவாகரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் ஓர் உடைந்த...'

(அடித்துவிட்டேன். வீடு மாறியதில் உடைந்தது பீரோவின் ஒரு கால் மட்டும்.)

இரண்டாவது: அப்பாவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். நானும் தங்கையும் அம்மாவோடு புது வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருவிப் பையும் சீருடையுமாக வாசலில் நின்றார். பேரப் பிள்ளைகளைப் பார்க்க இனி வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

"லிஃப்ட் ரிப்பேர்னு சொன்னாங்க..."

"இந்தக் கட்டடத்துல லிஃப்டே இல்லையே மாமா."

"அப்படியா? விலாசம் மாறிடுச்சு போல. வரேம்மா." படியிறங்கத் திரும்பினார்.

3
அடுத்து அம்மா சொன்னதை இப்படி எழுதியிருந்தேன்: "எங்க வீட்டுக்கு வர சாக்கு எதுக்கு மாமா?"

தங்கை படித்தாள். "டேய் அண்ணா, அம்மா 'எங்க'ன்னா சொன்னாங்க? 'நம்ம'ன்னாங்க. காதுல பஞ்சா வெச்சிருந்த?"

(சின்னச் சொல்தான். ஆனால் 'எங்க' என்றால் தாத்தா வாசலுக்கு வெளியே நிற்கிறார்.)

அம்மாவிடமே கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குடா ஞாபகம்? ஹால் ஸ்விட்ச் வேலை செய்யாம கெடந்துச்சு, மாமா வந்து மாத்தினாரு. அதான் ஞாபகம்."

'நம்ம' என்பதை யோசித்துச் சொல்லியிருந்தால் மறந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். (இந்த வரியை வகுப்பில் படிக்கத் தயக்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

4
இன்னொரு முடிவையும் எழுதிப் பார்த்தேன்: தாத்தா திரும்பிப் போய்விடுகிறார். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. சொல்லித்தர அவர் இல்லாத அந்தக் கதையில் எனக்கு சைக்கிள் விடத் தெரியாது. தங்கை சீட்டாட்டத்தில் யோக்கியமாக விளையாடுகிறாள். நம்பும்படியாக இல்லை.

5
இன்றும் ஞாயிறுதான். அழைப்பு மணி அடிக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதே குரல்: "லிஃப்ட் ரிப்பேர்!"

அடுப்படியிலிருந்து அம்மா கத்துகிறாள்: "கதை எழுதினது போதும், போய்க் கதவைத் தொற. மாமா நிக்கிறாரு பாரு."

ஆகவே கடைசி வரியில் ஓர் இடம் விட்டு எழுந்து போகிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

"...... வீட்டுக்கு வர சாக்கு எதுக்கு மாமா?"