கறுப்பு வாசலும் என் பொய் மொழிபெயர்ப்பும்

1.

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யில் பிறந்தது. நான்கு நிமிடப் பொய். அதை ஜெர்மன் மொழியில், ஒரு தேர்வாளரின் காதருகே, முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் சொன்னேன். எழுதி முடித்துவிட்டால் மனம் லேசாகும் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மோசெல் ஆற்றங்கரையில் ரோமானியர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய ட்ரியர் நகரம், அதன் கட்டடக் கலைச் சிறப்பால்…"

யாருக்கு வேண்டும் இது? சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறது. அடித்துவிட்டேன். பிறகு:

"அன்று காலை வானம்…"

வானத்தில் தொடங்குகிற கதைகளை நானே படிப்பதில்லை. [வானம் நன்றாகத்தான் இருந்தது. மே மாதத்துச் சனிக்கிழமை.]

ஆகவே ஆட்களிலிருந்து தொடங்குகிறேன்.

2.

சாரங்கா அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். ட்ரியரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. நான் நிரஞ்சனா, மதுரைக்காரி. இங்கே பல்கலைக்கழகத்தில் ஆற்றுநீரை ஆராய்கிறேன். ஒருநாள் பேருந்தில் நான் போனில் என் அம்மாவோடு சண்டை போட்டதை முழுக்கக் கேட்டிருந்துவிட்டு, இறங்கும்போது, "அம்மா சொல்லுறதும் சரிதான் பிள்ளை" என்றார். அப்படிப் பழக்கமானவர்.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. நகர வழிகாட்டியாக வேண்டும். ரோமானியக் கட்டடங்களை ஆட்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டும். வேலை முடிந்து ஒரு வருடம் வகுப்புக்குப் போனார். எழுத்துத் தேர்வில் தேறினார். ஆட்களை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டும் செய்முறைத் தேர்வில் தோற்றார்.

காரணம் கட்டடமல்ல, இலக்கணம். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டெர், டீ, டஸ் என்று பால் சொல்லியாக வேண்டும். மேசை ஆண், விளக்கு பெண், வீடு இரண்டுமில்லை. பதற்றம் வந்தால் அக்காவுக்கு மூன்றும் இடம் மாறிவிடும்.

"கேட்ட ஆக்களில ரெண்டு பேர் சிரிச்சவை. அதுக்குப் பிறகு வாய் திறக்க ஏலாமப் போச்சு" என்றார்.

வழிகாட்டிகள் சங்கம் இன்னொரு வாய்ப்புத் தந்தது. தாய்மொழியில் நடத்தலாம். பதினைந்து பேராவது வர வேண்டும். தேர்வாளருக்கு மொழிபெயர்க்க, உறவினர் அல்லாத ஒருவர் வேண்டும். இதிலும் தோற்றால் மூன்றாம் முறை கிடையாது.

"ஆக்களை நான் டுசல்டோர்ஃபில இருந்து இறக்குவன். மொழிபெயர்க்க நீங்கள் வந்தால் போதும்."

"அக்கா, என் ஜெர்மன் சுமார்தான். லேப்ல எல்லாரும் இங்கிலீஷ்தான் பேசுவாங்க."

"டெர், டீ, டஸ் சரியாச் சொல்லுவியள் தானே?"

"அது சொல்லுவேன்."

"பிறகென்ன."

3.

[தேர்வாளர் தீஸன் மீது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்த மனிதர் மீதல்ல. நான் எழுதிய தீஸன் மீது. முதல் வரைவில் அவருக்குக் கோணல் மூக்கும் கடுகடுத்த முகமும் வைத்திருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்ற அவசரம். உண்மையில் அவர் உயரமான, சாதுவான, லத்தீன் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். மூக்கை நிமிர்த்திவிட்டேன். சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு, அவ்வளவுதான் ஆயுதம்.]

பதினொரு மணிக்குப் பேருந்து வந்து நின்றது. பத்தொன்பது பேர் இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் ஞானசுந்தரம் அண்ணை. டுசல்டோர்ஃபில் இருபத்தெட்டு வருடமாகக் கட்டட வேலை, கான்கிரீட் போடுகிறவர். பின்னால் அவர் மனைவி குணேஸ்வரி, இரண்டு பெரிய பை நிறைய ரோல்ஸும் கட்லட்டுமாக.

போர்ட்டா நிக்ராவின் முன்னால் நின்றோம். கறுப்பு வாசல் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ரோமானியர்கள் நகரத்தின் வடக்கே கட்டிய கோட்டைவாசல். இரு பக்கமும் கோபுரம், நடுவே இரண்டு வளைவுகள், மேலே அடுக்கடுக்காக வெறும் சாளரங்கள். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

அக்கா தொண்டையைச் செருமினார். கையிலிருந்த குறிப்பு அட்டையைப் புரட்டினார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த வாசல் கட்டத் தொடங்கினது கிபி ஆயிரத்து எழுபதாம் ஆண்டு…"

நூற்று எழுபது. பதற்றத்தில் தொள்ளாயிரம் வருடம் கூடிவிட்டது. நான் தீஸன் பக்கம் குனிந்து, "நூற்று எழுபது" என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். முதல் பொய் இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. [பொய்யா, திருத்தமா? பதிப்பாசிரியர்கள் தினமும் செய்வதுதானே.]

"சாந்து பூசேல்லை" என்று அக்கா தொடர்ந்தார். "கல்லுக்கு மேல கல்லு. கல்லுக்குக் கல்லு இரும்புக் கொழுவி போட்டு, ஈயத்தை உருக்கி ஊத்தி இறுக்கியிருக்கினம்."

"பிள்ளை, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார் ஞானசுந்தரம் அண்ணை. "சாந்து இல்லாம இவ்வளவு உயரமோ? சும்மா சொல்லாதேங்கோ."

அவர் சுவரருகே போனார். பேருந்துச் சீட்டை எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவே சொருகிப் பார்த்தார். போகவில்லை. வேறோர் இடத்தில் முயன்றார். அங்கும் போகவில்லை. திரும்பி, தன் மகனே பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் கத்தினார்: "குணேஸ்! சீட்டுப் போகுதில்லை! நாங்கள் மெஷின் வச்சுப் போட்டாலும் விரல் போகும்!"

"அப்ப கல்லில இருக்கிற இந்த ஓட்டையெல்லாம்?" என்றார் குணேஸ்வரி.

"அது பிறகு வந்த சனம் இரும்புக்காகத் தோண்டினது அக்கா. ஈயத்தையும் விடேல்லை" என்றார் சாரங்கா அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அதன்பின் அட்டையைப் பார்க்கவில்லை. ஒரு கல் ஆறு தொன் வரை வரும் என்றும், ஆட்கள் உள்ளே நடந்து சுழற்றும் பெரிய சக்கரத்தால் பாரந்தூக்கியை இயக்கினார்கள் என்றும் சொன்னார். சக்கரத்துக்குள் நடப்பதை நடந்தே காட்டினார். தீஸன் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் ஞானசுந்தரம் அண்ணை கேட்டார்: "சரி, இதையெல்லாம் விடுங்கோ. நீங்கள் ஏன் பிள்ளை இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

4.

இங்கே ஓர் இடைநிறுத்தம். வழிகாட்டி வகுப்பில் தீஸனே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: வழிகாட்டி தன் கதையைச் சொல்லக் கூடாது. வருகிறவர்கள் கல்லைப் பார்க்க வருகிறார்கள், உங்களையல்ல. அக்கா இதை என்னிடம் இரண்டு முறை ஒப்பித்திருக்கிறார்.

அக்கா அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார்.

"அண்ணை, நான் இந்த ஊருக்கு வந்து மூண்டாம் நாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு. அகதி முகாமில இருந்து ஒரு கடிதத்தைத் தந்து பதியுற கந்தோருக்கு அனுப்பினவை. பாதை மாறிப் போச்சு. மழை வேற. ஒதுங்க இடம் தேடி இதுக்குக் கீழ வந்து நிண்டனான். நிமிர்ந்து பாத்தால் எல்லாம் கறுத்துப்போய், ஒரு யன்னலுக்கும் கதவில்லை. இஞ்சையும் குண்டு போட்டிருக்கினம் எண்டு நினைச்சன்."

சிலர் சிரித்தார்கள்.

"சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான். எங்கட பள்ளிக்கூடமும் கடைசியா இப்பிடித்தான் நிண்டது. ஆனா பாத்தால், இதுக்குக் கீழால சனம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகுது. மழைக்குள்ள! குண்டு விழுந்த கட்டடத்துக்குக் கீழால ஐஸ்கிரீமோட போற சனமெண்டால், இந்த ஊரில பயப்பிட ஒண்டுமில்லை எண்டு நினைச்சன். வந்து மூண்டு நாளா எனக்குப் பசிக்கேல்லை அண்ணை. அண்டைக்குத்தான் பசிச்சது."

குணேஸ்வரி மூக்கைத் துடைத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர்.

"ரெண்டு வருசத்துக்குப் பிறகுதான் ஒராள் சொன்னவ, இது குண்டு இல்லை, ரோமானியர் காலத்துப் பழசு எண்டு. என்னை ஏமாத்திப் போட்டுதே எண்டு கோவம் வந்தது. அந்தக் கோவத்திலதான் படிக்கத் தொடங்கினனான்."

அழுதவர்களே சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

இவ்வளவு நேரமும் தீஸன் என் பக்கம் காதைச் சாய்த்திருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மணற்கல் முதலில் வெளிர் நிறம் என்றேன். காற்றில் கலந்த புகைக்கரி அதில் படிகிறது என்றேன். ஈரம், நுண்ணுயிர், கல்லிலுள்ள இரும்பு என்று எனக்குத் தெரிந்த வேதியியலையெல்லாம் நான்கு நிமிடத்துக்கு இழுத்தேன். விதியை மீறினார் என்று அக்காவைத் தோற்கடித்துவிடுவாரோ என்ற பயம்.

தீஸன் கண்ணீர் துடைப்பவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்கள் மக்கள் மணற்கல்லை மிகவும் நேசிக்கிறார்கள் போலிருக்கிறது" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

5.

அடுத்தது பசிலிக்கா: ரோமப் பேரரசரின் அரசவை மண்டபம், இப்போது தேவாலயம். ஒரே அறை. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஞானசுந்தரம் அண்ணை உள்ளே காலெடுத்து வைத்ததும் தொப்பியைக் கழற்றினார். அது கடவுளுக்காகவா, கூரையின் அகலத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை.

"இவ்வளவு பெரிய இடத்தைக் குளிருக்கு எப்பிடிச் சூடாக்கினவை?" என்று யாரோ கேட்டார்கள்.

"நிலத்துக்குக் கீழ வெறும் இடம் விட்டு, சின்னச் சின்னத் தூணில நிலத்தைத் தூக்கி வச்சிருக்கினம். வெளியில அடுப்பு. சூட்டுக்காத்து கீழால போய், சுவருக்குள்ளால ஏறும். சுவரில உள்ளுக்குக் கோறையான செங்கல்."

நான் தீஸனிடம் சொல்லத் தொடங்கினேன். கோறைச் செங்கலுக்கு ஜெர்மன் சொல் வரவில்லை. "அந்த… உள்ளே ஒன்றுமில்லாத… கல்…"

"ஹோல்ஸீகல்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஞானசுந்தரம் அண்ணை. "டெர் ஹோல்ஸீகல். ஆண்பால்."

நான் திரும்பிப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் ஜெர்மன்காரர்களோடு கான்கிரீட் போட்டவருக்கு ஜெர்மன் தெரியாதா? இந்தப் பத்தொன்பது பேரில் யாருக்குத்தான் தெரியாது? மணற்கல், புகைக்கரி, நுண்ணுயிர் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்கள். அழுதவர்களின் தோள் இடையிடையே குலுங்கியது அழுகையால் அல்ல, சிரிப்பால் என்பது இப்போதுதான் புரிந்தது.

அக்காவும் கேட்டிருக்கிறார்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. உப்புக் கூடிய கறியை ருசி பார்த்தவர் மாதிரி ஒரு முகம். பிறகு நேரே தீஸனிடம் போய், ஜெர்மனில் பேச ஆரம்பித்தார்.

[அந்த ஜெர்மனைத் தமிழில் எப்படித் தருவது? பிழைகளோடு எழுதினால் கேலிபோலத் தெரியும். ஆகவே திருத்தியிருக்கிறேன். ஆமாம், மறுபடியும் மொழிபெயர்ப்பில் கை வைக்கிறேன்.]

"திரு. தீஸன், வாசலில் நான் மணற்கல்லைப் பற்றிப் பேசவில்லை. என் கதையைச் சொன்னேன். கூடாது என்று நீங்கள் படிப்பித்தது தெரியும். ஆண்டையும் பிழையாகச் சொன்னேன். இந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். நான் சொன்னதை நானே சொல்கிறேன்."

சொன்னார். முகாம், கடிதம், பாதை மாறியது. அந்த மண்டபத்தில் மெல்லப் பேசினாலும் குரல் எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பி வரும். அங்கே நின்ற வேறு சுற்றுலாப் பயணிகளும் திரும்பினார்கள். "மழை" என்ற சொல் வந்ததும் அக்கா நின்றுவிட்டார்.

"டீ… டெர்… டெர் ரேகன்…"

ஞானசுந்தரம் அண்ணை தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"டெர் ரேகன்" என்றார் தீஸன். "சரியாகத்தான் சொன்னீர்கள். மேலே சொல்லுங்கள்."

அதன்பின் அக்கா எங்கும் நிற்கவில்லை. ஐஸ்கிரீமுக்கு டெர், டீ, டஸ் மாறியது, பசிக்கும் மாறியது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டிய இடங்களில் தவிர.

முடித்தபோது தீஸன் குறிப்பேட்டைத் திறந்தார்.

"அன்று என்ன சாப்பிட்டீர்கள்?"

"ப்ரெட்செல்" என்றார் அக்கா, முறுக்குபோல் பின்னிய அந்த ரொட்டியை விரலால் காற்றில் வரைந்து காட்டி. "ரெண்டு."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு அரண்மனைத் தோட்டத்துப் புல்லில் எல்லாரும் உட்கார்ந்தோம். தீஸன் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். காரத்தில் கண்ணில் நீர் வந்தது. "மணற்கல், மணற்கல்" என்று அவரே சொன்னார். ஞானசுந்தரம் அண்ணை புல்லில் விழுந்து சிரித்தார்.

6.

முடிவு. இதுவரை மூன்று எழுதினேன்.

முதலாவதில் சங்கத்தின் கடிதம் வருகிறது, அக்கா தேறிவிடுகிறார், எல்லாரும் கட்டிப்பிடிக்கிறார்கள். விளம்பரம்போல இருந்தது. இரண்டாவதில் தோற்றுவிடுகிறார். அந்த நாளை நினைத்துக்கொண்டு அதை எழுத முடியவில்லை. ஐந்து வரியில் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதில் கடிதம் மேசையில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. இது எழுத்தாளர்கள் செய்யும் திருட்டு வேலை. கடிதம் வந்தால் மனிதர்கள் பிரிப்பார்கள். அக்கா படிக்கட்டிலேயே பிரித்து, போனில் எனக்கு முழுக்க வாசித்துக் காட்டினார்.

பிறகு இந்தப் பக்கங்களை அவருக்கு அனுப்பினேன். சமையலறை இடைவேளையில் கூப்பிட்டார்.

"வாசிச்சனான். ஞானசுந்தரம் அண்ணையை நல்ல வடிவாப் போட்டிருக்கிறியள். இனி அவரைப் பிடிக்க ஏலாது."

"முடிவு என்ன போடட்டும்க்கா? லெட்டர்ல வந்ததை அப்படியே எழுதிடவா?"

"வேண்டாம்."

"ஏன்க்கா?"

"வீட்டில இருந்துகொண்டே முடிவைத் தெரிஞ்சால் பிறகு ஆர் இஞ்ச வருவினம்? வந்து பாக்கட்டும்."

"வந்தா நீங்க வாசல்ல நிப்பீங்கன்னு எழுதினா, ரிசல்ட் தெரிஞ்சிடுமே."

பாத்திரங்கள் மோதும் சத்தத்துக்கு நடுவே அவர் சிரிப்பது கேட்டது.

"உரிமம் இல்லாட்டியும் ஒருத்தி வாசலுக்குக் கீழ நிக்கலாம் தானே பிள்ளை? அதுக்குச் சட்டமில்லை."

என் கையில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீங்கள்தான் ட்ரியர் வர வேண்டும். சனிக்கிழமை, பதினொரு மணி. நகரத்தின் வடக்கே, மழையென்றால் வளைவுக்குக் கீழே. சாரங்கா அக்காவைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கிறதா, தனியாக நின்று வருகிறவர்களைப் பார்க்கிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எப்படி நின்றாலும் போய் ஒரு கேள்வி கேளுங்கள்.

ஜெர்மனில் கேட்டாலும் பதில் வரும்.